பக்கத்துத் தெரு சுஷிக் கடை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

டோக்கியோ, நிஷிகசாயிலிருந்து

எங்கள் குடியிருப்பிலிருந்து ரயில் நிலையம் போகும் வழியில் ஒரு சுஷிக் கடை. வாசலில் நீலத் துணி தொங்கும், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. வெளியே விலைப்பட்டியலும் கிடையாது. ஏறக்குறைய ஒரு வருடம் அதைக் கடந்து போய்க்கொண்டே இருந்தேன். நான் கடற்கரை ஊரில் வளர்ந்தவன், மீன் என்றால் உயிர். ஆனாலும் விலை தெரியாத இடத்தில் பாஷையும் சரியாக வராமல் எப்படிப் போய் உட்காருவது? இதே தயக்கத்தில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு நாள் வாசலில் கரும்பலகை வைத்திருந்தார்கள். நிகிரி, அதாவது கையால் பிடித்த சோற்றின் மேல் மீன் துண்டு வைத்தது, மதியச் சாப்பாடு 1,200 யென். சரி, இதற்கு மேல் போகாது என்று துணியை விலக்கி நுழைந்துவிட்டேன்.

எட்டே இருக்கை. மரப் பலகைக்கு அந்தப் பக்கம் எழுபது வயதை ஒட்டிய தைஷோ. சுஷிக் கடைக்காரரை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தேநீர் ஊற்ற அவர் மனைவி. சுவரில் மீன் பெயர் எழுதிய மரத் துண்டுகள் வரிசையாக மாட்டியிருந்தன. வசாபி என்ற காரமான பச்சை விழுது வைக்கலாமா என்று மட்டும் தைஷோ கேட்டார். நான் தலையாட்டினேன்.

முதல் துண்டைக் குச்சியால் எடுத்ததும் சோறு உடைந்து சோயாக் கிண்ணத்தில் விழுந்தது. அவர் தன் விரல்களைக் காட்டி, 'தே தே' என்றார். கையாலேயே சாப்பிடுங்கள் என்று அர்த்தம். நிகிரியைக் கையால் எடுப்பது இங்கே பழைய வழக்கம்தான், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். திருப்பிப் பிடித்து மீன் பக்கத்தை மட்டும் சோயாவில் தொட வேண்டும் என்றும் செய்து காட்டினார். கையில் எடுத்த பிறகுதான் சோறு இளஞ்சூடாக இருப்பதே தெரிந்தது. அதுவரை நான் சாப்பிட்டதெல்லாம் சூப்பர் மார்க்கெட் பெட்டியில் சில்லிட்டு விறைத்த சோறு. வினிகரும் உப்பும் கலந்த அந்தச் சோறு கைச்சூட்டில் வாயில் பிரிந்து போகிறது. மீன் அதற்கு மேல்தான் வந்து சேர்கிறது. சுஷியில் பாதிக்கு மேல் சோறுதான் என்பது என் முடிவு.

தைரியம் வந்து சாமன் கேட்டேன். இல்லை என்றார். அவர் தொழில் கற்ற காலத்தில் சாமனை உப்புப் போட்டுச் சுட்டுத்தான் சாப்பிடுவார்களாம். கடலில் பிடிக்கும் சாமனில் புழு இருக்கும் என்பதால் யாரும் பச்சையாகத் தொடுவதில்லை. 1980-களில் நார்வேக்காரர்கள் பண்ணையில் வளர்த்த சாமனை ஜப்பானில் விற்க முனைந்த பிறகுதான் அது சுஷிக்கு வந்தது. அதற்குப் பதிலாக கொஹாதா ஒன்று வைத்தார். வெள்ளித் தோலில் புள்ளி வைத்த சின்ன மீன். பிளந்து, உப்பில் கிடத்தி, வினிகரில் கழுவி ஊறவைப்பது. அன்றைய மீனின் கொழுப்பைப் பார்த்து உப்பு நேரத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டுமாம். டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த, குளிர்சாதனம் இல்லாத காலத்தில், 1800-களின் தொடக்கத்தில், தெருக்கடையில் விற்ற நிகிரிக்கு இப்படி ஊறவைத்த மீனும் வேகவைத்த மீனும்தான் அடிப்படை. சாமன் கிடைக்காதது அன்று எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

கிளம்பும்போது, எங்கேயோ கேட்ட ஞாபகத்தில் 'ஒஐசோ' என்றேன். அது கடைக்காரர்கள் தங்களுக்குள் பில்லுக்குச் சொல்லும் வார்த்தையாம். நாம் 'ஒகைகெய்' என்று கேட்டால் போதும் என்று அவர் மனைவி மெதுவாகச் சொல்லிக் கொடுத்தார். டிப்ஸ் கிடையாது. சாப்பாட்டுக்கு நன்றி சொல்லும் 'கொச்சிசோசமா'வைச் சொல்லிவிட்டு வந்தால் அவ்வளவுதான்.

உங்கள் தெருக் கடைகளைப் பற்றியும் எழுதுங்கள்.

•

யோகோஹாமாவிலிருந்து

அண்ணா, நான் சைவம். அலுவலகத்தில் எல்லாரும் போகும்போது நானும் போய், வெறும் கப்பா மாகி சாப்பிட்டுவிட்டு வருவேன். வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டியது. அலுக்காத விஷயம்தான், ஆனால் ஆறு மாதமும் அதையே சாப்பிட முடியுமா?

ஒரு நாள் பழுப்பு நிறத்தில் நார் நாராக ஏதோ வைத்த மாகியைப் பார்த்து என்னவென்று கேட்டேன். கன்பியோ என்றார் தைஷோ. பிடிபடவில்லை. காய்ந்த வெள்ளை நாடா ஒரு கட்டை எடுத்து வந்து காட்டினார், போனில் படமும் காட்டினார். சுரைக்காய்! சுரைக்காயை நீள நாடாவாகச் சீவிக் காயவைத்தது. ஜப்பானில் விளைவது பெரும்பாலும் தொச்சிகி மாநிலத்தில்தான். சுரைக்காய் வற்றலை இவ்வளவு தூரத்தில் சுஷிக்குள் பார்த்ததில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆனால் சைவக்காரர்கள் கவனியுங்கள். அதை வேகவைக்கும் சாற்றில், தாஷி என்பார்கள், பெரும்பாலும் கத்சுஓபுஷி இருக்கும். வரிச்சூரையை அவித்துப் புகைபோட்டுக் காயவைத்தது, நம் மாசிக் கருவாட்டுக்கு அண்ணன் தம்பி முறை. முட்டை சாப்பிடுகிறவர்கள் தமாகோ என்ற முட்டை அடையை நம்பி எடுப்பார்கள், அதிலும் அந்தச் சாறு சேரும். இனிப்பு டோஃபுப் பையில் சோறு அடைத்த இனாரியும் அப்படியே. சில கடைகளில் தொட்டுக்கொள்ளும் சோயாவிலும் கலக்கிறார்கள். 'மீன் வேண்டாம்' என்றால் மட்டும் போதாது, 'தாஷியும் வேண்டாம்' என்று சொல்ல வேண்டும்.

நான் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, இரண்டு நாள் முன்னால் போன் செய்துவிட்டு வா என்றார். மறுமுறை போனபோது கொன்பு என்ற கடற்பாசியும் உலர்ந்த ஷீடாக்கே காளானும் போட்டுத் தனியாகக் காய்ச்சிய சாற்றில் எனக்காகவே சுரைக்காயை வேகவைத்திருந்தார். நெரிசல் நேரத்தில் போய் இப்படிக் கேட்டால் அவர்களுக்கும் கஷ்டம். முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள்.

•

ஒசாகாவிலிருந்து

பச்சை மீன் பயம் பற்றி நான் சொல்கிறேன், பட்டவன். இது கடையில் நடந்தது இல்லை. சந்தையில் புது அயிலை மாதிரி ஒரு சபா வாங்கி, வீடியோ பார்த்து, உப்பும் வினிகரும் போட்டு வீட்டிலேயே ஊறவைத்தேன். நடுராத்திரி வயிற்றைப் பிடுங்கி எடுக்கும் வலி. மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்து, அனிசாகிஸ் புழு ஒன்றை இடுக்கியால் எடுத்தார்கள். எடுத்ததும் வலி நின்றது.

பிறகு தெருக்கடை தைஷோவிடம் சொன்னேன். வினிகரும் வசாபியும் அந்தப் புழுவைக் கொல்லாது என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் சபாவை முதலில் மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரத்துக்கு மேல் உறையவைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார். அன்றிலிருந்து பச்சை மீன் என்றால் அவர் கைதான்.

•

சீபாவிலிருந்து

எனக்கு ஏழாம் மாதம். அத்தை ஊரிலிருந்து வந்திருந்தார். வெளியே போக முடியாமல், தெருக்கடையிலிருந்து வீட்டுக்கே வரவழைத்தோம். மேல் தரம் ஒரு தொட்டி. போனில் என் கணவர் விஷயத்தைச் சொன்னதும், தைஷோ என் பங்கைத் தனியாக மாற்றிவிட்டார். அவித்த இறால், குழம்பு பூசிய அனாகோ என்ற கடல் விலாங்கு, தமாகோ. பெரிய சூரை வகைகளில் பாதரசம் இருப்பதால் கர்ப்பிணிகள் அளவோடு சாப்பிடச் சொல்லி அரசே அறிவுறுத்துகிறது. புளூஃபின் என்றால் வாரத்துக்கு ஒரு முறை, 80 கிராம் வரைதான். அவரே அதை நினைவில் வைத்திருந்தார். அத்தைக்கு அனாகோ ரொம்பப் பிடித்துவிட்டது. விலாங்கை இப்படி இனிப்பாகச் செய்வார்களா என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்.

கறுப்பும் சிவப்புமான அரக்குத் தொட்டியில் வரும். சாப்பிட்டுக் கழுவி வாசலில் வைத்தால், மறுநாள் வந்து எடுத்துக்கொள்வார்கள். அத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று ஒரே பிடிவாதம். ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கை ஒரு பையில் கட்டி உள்ளே வைத்தார். எடுத்துப் போனார்கள்.

இரண்டு நாள் கழித்து வாசல் மணி அடித்தது. தைஷோவின் மனைவி. கையில் ஒரு முறுக்கு. இது எந்த மாவு என்று கேட்டார். அரிசிக்கு 'ஜோஷின்கோ' என்று சொல்லிவிட்டேன். உளுந்துக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அத்தை உள்ளே போய் டப்பாவையே எடுத்து வந்து, அவர் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினார்.