ட்ரெயினிங் வந்த பெண்ணும் வளவுத் தண்ணீரும்

காரைக்குடியில் ஓர் ஆர்க்கிடெக்ட் ஆபீசில் டிராஃப்டிங் பார்க்கிறேன். பழைய நகரத்தார் வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலைதான் எங்களுக்கு அதிகம். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்ததைக் கல்லூரியில் படித்துவிட்டு, ட்ரெயினிங் என்றால் இங்கேதான் என்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் போன வருடம் வந்து சேர்ந்தாள்.

ட்ரெயினிங் வரும் பிள்ளைகளுக்குப் பல ஆபீஸ்களில் ஜெராக்ஸ் எடுப்பதும் ஃபைல் அடுக்குவதும்தான் வேலை. சம்பளமும் கிடையாது. படிக்க வந்த பிள்ளையை அப்படி உட்காரவைப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. சாரிடம் கேட்டு, கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டின் அளவெடுப்புக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அவ்வளவு நீள வீடு. வளவில், அதாவது வீட்டின் நடுவே வானம் பார்த்துத் திறந்திருக்கும் முற்றத்தில், வெயில் இறங்கியதும் லேசர் மீட்டரின் சிவப்புப் புள்ளி தரையில் தெரியவே இல்லை. சரி, டேப்பைப் பிடி என்றேன். நாலு பக்கமும் அளந்தால் போதாது, மூலைக்கு மூலை குறுக்காகவும் அளந்தால்தான் சதுரம் கோணாமல் இருக்கிறதா என்று தெரியும். அதை ஒரு தடவைதான் சொன்னேன். அதற்கப்புறம் ஒவ்வோர் அறையிலும் நான் கேட்கும் முன்பே குறுக்களவை எழுதிவிட்டாள்.

மத்தியானம் வளவுத் தரையில் இருந்த சின்ன ஓட்டையைக் காட்டி, "அக்கா, இந்தத் தண்ணி எங்க போகுது?" என்றாள். எங்களிடம் இருந்த பழைய பிளானில் அது இல்லை. பின்கட்டில் இருந்த ஆச்சியிடம் போய்க் கேட்டாள்.

"மழ பெஞ்சா மூலைக்கு மூலை கிடாரம் வச்சுப் புடிப்போம் தாயி. மிச்சம் அடியில ஓடி ஊரணிக்குப் போயிரும்னு எங்க மாமியா சொல்லுவாக."

ஆச்சியிடமே ஒரு கை மஞ்சள் பொடி வாங்கி வாளித் தண்ணீரில் கரைத்து ஓட்டையில் ஊற்றினாள். என்னைப் பக்கத்துச் சந்தில் நிற்கச் சொன்னாள். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது வாளிக்கு, சுவரடியில் புல் மண்டிக் கிடந்த ஒரு துவாரத்திலிருந்து மஞ்சளாக ஒழுகியது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

இது சின்ன விஷயம் இல்லை. தங்கும் விடுதியாக மாற்றுவதற்காக அந்த வளவுத் தரையை அரை அடி உயர்த்தி சிமெண்ட் போடுவதாக இருந்தது. போட்டிருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும். மழைத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள் ஊறும். சுண்ணாம்புச் சுவர் ஈரம் குடித்தால் பூச்சு உப்பி உதிரும், மேலே நிற்கும் தேக்குத் தூணின் அடியும் இற்றுப்போகும். சார் அன்று மாலையே பிளானை மாற்றினார். தரை உயரவில்லை, கால்வாயைச் சுத்தம் செய்ய மட்டும் எஸ்டிமேட்டில் ஒரு வரி சேர்ந்தது.

வரைபடத்தின் ஓரத்தில் 'அளவெடுத்தவர்' என்ற இடத்தில் அவள் பெயரையும் போட்டோம். ட்ரெயினிங் பிள்ளைகளின் பெயரை விட்டுவிடும் வழக்கம் இருக்கிறது. அது தப்பு. நாளைக்கு வேலை கேட்டுப் போகும்போது அந்தத் தாள்தான் அவர்களுக்குப் பேசும்.

அடுத்த மாதம் ஒரு தம்பி ட்ரெயினிங் வருகிறார். பள்ளத்தூரில் ஒரு வீடு அளக்க வேண்டியிருக்கிறது. அதை முழுதாக அவரிடமே கொடுக்கச் சொல்லி, பஸ் காசும் சாப்பாட்டுச் செலவும் ஆபீசே தர வேண்டும் என்று சாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.