ரத்தப் புற்றுநோய், சிறுநீரகம் இரண்டையும் சேர்த்து ஆராய்ச்சி செய்ய ஆசைப்படும் மகள்: மருத்துவமா, பிஎச்டியா?

யீஷூன்அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மகள் இங்கே சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டு, இந்த வருஷக் கடைசியில் ஏ லெவல் தேர்வு. உயிரியலும் வேதியியலும் நன்றாக வருகிறது.

என் மாமனாருக்கு மல்ட்டிபிள் மைலோமா, ஒரு வகை ரத்தப் புற்றுநோய். அதைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் மாதக்கணக்கில் இடுப்பு வலி, சோர்வு என்று ஒரு கிளினிக்குக்குப் போய் வந்தார், வயசானால் அப்படித்தான் என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள், கடைசியில் சிறுநீரகம் இரண்டும் கெட்டு மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் புற்றுநோய் என்றே தெரிந்தது. இப்போது புற்றுநோய் கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பள்ளி விடுமுறையில் மகள்தான் தாத்தாவோடு போய் உட்காருவாள், தாதிகளிடம் கேள்வி கேட்டுத் துளைத்துவிடுவாள். இப்போது "தாத்தாவுக்கு வந்ததைத்தான் ஆராய்ச்சி பண்ணப்போறேன்" என்கிறாள்.

எனக்குப் புரியாதது இதுதான். மாமனாருக்கு ரத்தத்துக்கு ஒரு டாக்டர், சிறுநீரகத்துக்கு வேறு டாக்டர், சந்திப்பு நாளும் வேறு வேறு. இரண்டையும் சேர்த்து ஆராய்வது என்று உண்மையிலேயே ஒரு துறை இருக்கிறதா? இருந்தால் அதற்கு மருத்துவம் படிக்க வேண்டுமா, அறிவியல் படித்துப் பிஎச்டி போதுமா? இவள் அப்பா "முதலில் டாக்டர் ஆகட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம்" என்று ஒரே பிடியாக நிற்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அவுட்ரம்வழி:

அக்கா, துறை இருக்கிறது, பெயரும் இருக்கிறது: ஓங்கோ-நெஃப்ராலஜி, புற்றுநோயையும் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பார்ப்பது. நான் இருக்கும் ஆய்வுக்கூடம் ரத்தப் புற்றுநோய் பக்கம், ஆனால் சிறுநீரகத்துக்காரர்கள் இல்லாமல் எங்களுக்கு வேலை ஓடாது. ஏன் என்று மாமனாருக்கு நடந்ததை வைத்தே சொல்கிறேன், மகளிடமும் காட்டுங்கள்.

மைலோமா எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்லில் வருவது. நோய் எதிர்ப்புப் புரதங்களைச் செய்கிற செல் அது. புற்றாகிவிட்டால் அந்தப் புரதத்தின் ஒரு சின்னத் துண்டை, லைட் செயின் என்போம், கணக்கில்லாமல் செய்து ரத்தத்தில் விடும். சின்னத் துண்டு என்பதால் சிறுநீரக வடிகட்டியைத் தாண்டி உள்ளே போய்விடும், அங்கே நுண்குழாய்களில் இருக்கும் யூரோமாடுலின் என்ற புரதத்தோடு ஒட்டி இறுகி, சமையலறைக் குழாயில் எண்ணெய்க் கசடு அடைக்கிற மாதிரி அடைத்துவிடும். அதாவது உங்கள் மாமனாருக்கு வந்தது இரண்டு நோய் இல்லை, ஒரே நோய். துறைகள்தான் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இந்த ஆராய்ச்சி தொடங்கியதே சிறுநீரில்தான். 1845இல் லண்டனில் எலும்பு வலியால் துடித்த ஒருவரின் சிறுநீரை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவரிடம் அனுப்பினார்கள். அதில் இருந்த விநோதமான புரதம் கொதிக்க வைத்தால் கரைந்தது, ஆறினால் திரும்பத் திரண்டது. அவர் அதை எழுதி வைத்தார். அது லைட் செயின்தான் என்று எடெல்மன், காலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் நிரூபித்தது 1962இல்! நடுவில் நூறு வருஷத்துக்கு மேல். லைட் செயினை ரத்தத்திலேயே துல்லியமாக அளக்கும் பரிசோதனை 2001இல்தான் வந்தது. 2003இல் போர்ட்டெசோமிப் என்ற மைலோமா மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் கொடுக்க முடிந்ததால் நிலைமை நிறைய மாறியது.

எல்லாம் வெற்றிக் கதை என்று மகள் நினைத்துவிடக் கூடாது. பெரிய துளை உள்ள டயாலிசிஸ் வடிகட்டி போட்டு லைட் செயினை நேரடியாக ரத்தத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று பலர் வருஷக்கணக்கில் நம்பி உழைத்தார்கள். கேட்கும்போது அவ்வளவு சரியாகத் தோன்றும். பிரான்சிலும் பிரிட்டன், ஜெர்மனியிலும் முறையாகச் சோதனை நடத்தினார்கள், முடிவுகள் 2017இலும் 2019இலும் வந்தன, எதிர்பார்த்த பலன் உறுதியாகவில்லை. எடுக்க எடுக்க செல் செய்துகொண்டே இருக்கும், ஆகவே மருந்தால் சீக்கிரமாக அந்த உற்பத்தியை நிறுத்துவதுதான் முக்கியம். இப்படி ஒரு முடிவு வந்தால் ஏற்றுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகிற மனசு வேண்டும், மதிப்பெண்ணை விட அதுதான் முக்கியம் என்பேன்.

வார்டுதாதி_12:

அவுட்ரம்வழி சொன்னதோடு வார்டில் பார்ப்பதையும் சேர்த்துவிடுகிறேன். சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கிற பட்டை இருக்கிறதே, அது பெரும்பாலும் ஆல்புமின் என்ற புரதத்தைத்தான் காட்டும், லைட் செயின் எவ்வளவு போனாலும் அந்தப் பட்டைக்குத் தெரியாது. அதனால் பட்டையில் "லேசாகத்தான் இருக்கு" என்று வரும், அதே ஆளின் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துச் சோதித்தால் புரதம் கொட்டிக் கிடக்கும். வயசானவருக்கு விடாத முதுகுவலி, ரத்தசோகை, கூடவே ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் கெடும்போது ஏறுவது) ஏறுகிறது என்றால் உடனே மைலோமா இருக்குமோ என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இன்னொன்று, உங்கள் மாமனாருக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை இனி டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது, மைலோமாக்காரர்களின் சிறுநீரகத்தை அது இன்னும் கெடுக்கும். மகள் கேள்வி கேட்கட்டும் அக்கா. எங்களுக்கு அது தொந்தரவே இல்லை.

செங்காங்வாசி:

நான் பிஎச்டி முடித்துவிட்டு ஒப்பந்த வேலையில் இருப்பவன், துறை வேறு. காசு விஷயத்தை யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். ஆய்வாளர் வேலை பெரும்பாலும் இரண்டு மூன்று வருஷ ஒப்பந்தம், மானியம் முடிந்தால் வேலையும் முடியும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கடன் கட்டுகிற வயதில் அது லேசான விஷயம் இல்லை. மருத்துவப் பட்டம் கையில் இருந்தால் அந்தப் பயம் இருக்காது, அப்பா சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் நோயாளியைப் பார்க்கப் பிடிக்காத பிள்ளையை ஆராய்ச்சிக்கு வழி என்று சொல்லி மருத்துவத்தில் தள்ளினால் ரொம்பக் கஷ்டப்படும். அதை மட்டும் அவளிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

யீஷூன்அம்மா:

மூவருக்கும் ரொம்ப நன்றி. மகளிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன், சிறுநீரைக் கொதிக்க வைத்த கதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வலி மாத்திரைகளை அலமாரியிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன், அடுத்த சந்திப்பில் டாக்டரிடம் காட்டுகிறேன். அவள் கேட்கச் சொன்ன கேள்வி: டாக்டர் ஆகாமல் ஆராய்ச்சிக்குப் போனால் நோயாளியோடு சம்பந்தமே இருக்காதா, எலியும் குடுவையும்தானா? அப்புறம், சிங்கப்பூரில் இருந்துகொண்டு இதில் பெரிதாக ஏதும் செய்ய முடியுமா?

அவுட்ரம்வழி:

முடியும், செய்திருக்கிறார்கள். நாள்பட்ட மைலாய்ட் லுக்கேமியாவுக்கு 2001இல் இமாட்டினிப் வந்தது, மாத்திரையாலேயே கட்டுப்படுத்தலாம் என்று உலகமே கொண்டாடியது, ஆனால் சிலருக்கு அது சரியாக வேலை செய்யவில்லை. இங்கே டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியில் ஓங் சின் தியோங் குழு அதைத் துருவிப் பார்த்து 2012இல் வெளியிட்டது: அதற்கு ஒரு காரணம், பிம் என்ற மரபணுவில் ஒரு சின்னப் பகுதி விடுபட்டிருக்கிறது, கிழக்காசிய மக்களில் சுமார் 12 விழுக்காட்டினரிடம் அது இருக்கிறது, ஐரோப்பியர்களிடம் காணவில்லை. மேற்கில் மட்டும் தேடியிருந்தால் கண்ணில் பட்டிருக்குமா? இங்கே இருந்து செய்வதற்கான காரணமே இதுதான்.

நோயாளியோடு சம்பந்தம் இருக்கிறது, ஆனால் வேறு மாதிரி. என் மேசைக்கு வருவது நோயாளியிடமிருந்து சோதனைக்கு எடுத்த மஜ்ஜை இருக்கிற ஒரு சின்னக் குழாய், மேலே பெயர் இருக்காது, எண் மட்டும். காலையில் எடுத்தது மதியத்துக்குள் கைக்கு வந்துவிடும், செல்கள் சாவதற்குள் பிரித்தாக வேண்டும், சாப்பாட்டு நேரம் எல்லாம் பார்க்க முடியாது. மருந்து கொடுப்பதும் முகம் பார்த்துப் பேசுவதும் மருத்துவர் வேலை. எது இல்லாமல் தன்னால் இருக்க முடியாது என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

வழி என்று பார்த்தால், இப்போதே முடிவெடுத்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. என்யுஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) மருத்துவம் நேரே 5 வருஷம். அல்லது முதலில் உயிர் அறிவியல் பட்டம், கடைசி வருஷ ஆய்வுத் திட்டத்தை ரத்தப் புற்றுநோய்க் கூடத்தில் செய்து பார்க்கட்டும், பிடித்தால் பிஎச்டி. நோயாளியும் வேண்டும் என்று அப்போது தோன்றினால் பட்டத்துக்குப் பிறகு டியூக்-என்யுஎஸ்ஸில் மருத்துவம் சேரலாம், 4 வருஷத்தில் மூன்றாவது வருஷம் பெரும்பாலும் ஆராய்ச்சிக்குத்தான், மருத்துவத்தோடு பிஎச்டியும் சேர்த்துப் படிக்கலாம். அப்பாவிடம் அதைச் சொல்லுங்கள், கொஞ்சம் இறங்கி வருவார். உபகாரச் சம்பளம் வாங்கினால் பாண்ட் (படித்த பிறகு கட்டாயமாக வேலை செய்ய வேண்டிய காலம்) எத்தனை வருஷம், வெளிநாட்டில் பயிற்சி எடுத்தால் அந்த வருஷங்கள் கணக்கில் வருமா என்று கையெழுத்துக்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

ஏ லெவல் முடிந்ததும் எப்படியும் சில மாதம் கையில் இருக்கும். கூடங்களுக்கு நேரடியாக மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள், எந்த ஆய்வுக் கட்டுரையைப் படித்தாள், அதில் என்ன புரியவில்லை என்று இரண்டு வரி எழுதினால் போதும். பெரும்பாலானவர்கள் பதில் போட மாட்டார்கள், நான்கைந்து பேருக்கு அனுப்பட்டும்.

வார்டுதாதி_12:

தாத்தாவின் ரத்தவியல் டாக்டரையும் கேட்டுப் பாருங்கள் அக்கா. அவர்களில் பலர் ஆராய்ச்சியும் செய்பவர்கள், அடுத்த சந்திப்புக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.