கொள்ளுப்பாட்டியின் மோதிரத்தை உருக்கலாமா?

கெடிலக்கரை
தை மாதம் எனக்கு நிச்சயதார்த்தம், மஞ்சக்குப்பத்தில். மாப்பிள்ளை வீடு புதுச்சேரி, உப்பளம். அவருடைய கொள்ளுத்தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரை போய்வந்த சொல்தா. மார்சேயில் வாங்கி வந்து மனைவிக்குப் போட்ட மோதிரம், மருமகள் கைக்கு மாறி இப்போது மாப்பிள்ளையின் பாட்டியிடம் இருக்கிறது. அதை நிச்சயத்தன்று எனக்குப் போட வேண்டும் என்று பாட்டிக்கு ஆசை. கல் எதுவும் இல்லாத வெறும் வளையம், 4 கிராம். உள்பக்கம் இரண்டு எழுத்தும் 1938 என்ற வருஷமும் பாதி தேய்ந்து கிடக்கின்றன.

எங்கள் ஊர்க் கடை ஒன்றில் காட்டினோம். “916 முத்திரை இல்லை, நிறமும் மட்டு, உருக்கிப் புதுசாகச் செய்துகொள்ளுங்கள்” என்றார்கள். அம்மா அதையே பிடித்துக்கொண்டார். பெரியம்மா ஒரு படி மேலே போய், பழசைப் போட்டு ஒப்பேற்றுகிறார்கள் என்கிறார். எனக்கு அந்த மோதிரம் பிடித்திருக்கிறது. ஆனால் விரலுக்கு இறுக்கம். என்ன செய்யலாம்?

தேவனாம்பட்டினத்தான்
உருக்குங்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மச்சான் மாப்பிள்ளைக்குப் போடுவது, குடத்துத் தண்ணீரில் போட்டு இரண்டு பேரையும் தேடவிடுவது, இவ்வளவுதான் நம் கல்யாணத்தில் மோதிரத்துக்கு வேலை. மற்றதெல்லாம் வெள்ளைக்காரன் வழக்கம். நாளைக்கு ஒரு அவசரம் என்று அடகுக் கடைக்குப் போனால், முத்திரை இல்லாததை எவன் மதிப்பான்?

பத்தர் மகன்
அண்ணே, கொஞ்சம் பொறுங்கள். தங்கச்சி, மோதிரத்தின் உள்ளும் புறமும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார். கடுகைவிடச் சின்னதாக ஒரு கழுகுத் தலை குத்தியிருந்தால், அது பிரான்சின் 18 காரட் முத்திரை. 1838 முதல் அங்கே இருக்கிறது. ஆயிரத்தில் 750 பங்கு தங்கம். நம் 22 காரட்டில் 916. கால் பங்கு செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால் மஞ்சள் குறைவாகத் தெரியும். அதைப் பார்த்து மட்டம் என்று சொல்லிவிட்டார்கள். காரட் வேறு, போலி வேறு.

உருக்கினால் என்ன ஆகும் என்று பார். 4 கிராமில் சுத்தத் தங்கம் 3 கிராம். 22 காரட்டுக்கு மாற்றினால் சுமார் 3.27 கிராம். அதில் உருக்குக் கழிவு போகும். புதுசுக்குச் செய்கூலி, சேதாரம், அதற்கு மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. கைக்காசும் கொடுத்து, இருப்பதைவிடச் சின்ன மோதிரத்தோடு வீட்டுக்கு வர வேண்டும்.

2023 ஏப்ரல் 1 முதல், நகைக்கு நகை தனியாகப் பொறிக்கும், எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் கொண்ட எச்யூஐடி குறியீடு கட்டாயம் என்பது கடைக்காரர் விற்கும் நகைக்கு. பீரோவில் இருக்கும் பாட்டி நகைக்கு இல்லை. சந்தேகம் இருந்தால், முத்திரைக்குப் பொறுப்பான அரசு அமைப்பு பிஐஎஸ், அதன் அங்கீகாரம் பெற்ற மையத்தில் சோதிக்கக் கொடுக்கலாம். நாலு உருப்படி வரை 200 ரூபாயும் வரியும்தான். தாளில் எழுதியே தருவார்கள். அடகுக் கடைக்காரரிடம் அண்ணன் அதைக் காட்டலாம்.

நைனார்மண்டபம்
எல்லாரும் தங்கத்தையே பேசுகிறீர்கள். நானும் என் கணவரும் நேரு வீதியில் நாலு கடை ஏறி இறங்கி, எங்களுக்குப் பிடித்ததை எடுத்தோம். ஆய்வகத்தில் வளர்த்த வைரம். அதுவும் கரிதான், கடினமும் அதேதான். யாருடைய கதையும் என் விரலில் வேண்டாம் என்று நினைத்தேன்.

தேவனாம்பட்டினத்தான்
அந்தக் கல்லைத் திருப்பி விற்கப் போகும்போது கதை தெரியும்.

மூத்த மருமகள்
காரட்டெல்லாம் சின்ன விஷயம் தம்பிகளா. மோதிரம் யாருக்குச் சொந்தம் என்று யாராவது கேட்டீர்களா?

என் நிச்சயத்தன்று மாமியார் தன் கெம்பு மோதிரத்தைக் கழற்றிப் போட்டார். சுலபத்தில் வரவில்லை, சோப்பு போட்டுத் திருகித் திருகி எடுத்தார். கழற்றிய இடத்தில் விரல் வெளுத்து, குழிந்து, ஒரு தடம் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டு வருஷம் கழித்துக் கொழுந்தனுக்குப் பெண் நிச்சயம் ஆனது. “அது இந்த வீட்டு மோதிரம், சின்னவளுக்கும் அதையே போட்டால்தான் முறை” என்று கேட்டார்கள். மறுபேச்சு பேசாமல் கொடுத்தேன். அவளுக்கு அளவு பெரிசாக்க ஒரு கடையில் கொடுத்தபோது கல் ஒன்று விழுந்துவிட்டது. வேறு கல் வைத்துத் திருப்பினார்கள். பழசெல்லாம் மாதுளை முத்து நிறம். இது மட்டும் ரோஸ்மில்க். இன்றைக்கும் விசேஷ வீட்டில் அவள் பரிமாற வந்தால் என் கண் சாப்பாட்டுக்குப் போவதில்லை, அந்த ஒரு கல்லுக்குத்தான் போகிறது.

பெண்ணே, மாப்பிள்ளைக்குத் தம்பி இருக்கிறாரா? அத்தைமார் இருக்கிறார்களா? அதை முதலில் விசாரி.

சம்பா கோயில் பக்கம்
வெள்ளைக்காரன் வழக்கம் என்றவருக்கு: அனுமன் கையில் கொடுத்தனுப்பிய கணையாழியை எந்த வெள்ளைக்காரன் செய்தான்? எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மாதா கோயில் சாமியார் மோதிரத்தையும் மந்திரிப்பார், தாலியையும் மந்திரிப்பார். இரண்டும் ஒரே தட்டில்தான் இருக்கும். பிரெஞ்சில் கல்யாண மோதிரத்துக்கு அலியான்ஸ் என்றே பேர், உறவு கூடுவது என்று அர்த்தம்.

ஆனால் ஒன்று, அளவு மாற்றுகிறேன் என்று வெட்டினால் அந்த 1938 போய்விடும். எழுத்துப் போனால் அப்புறம் உருக்குவதும் ஒன்றுதான். இறுக்கமாக இருந்தால் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம்.

பத்தர் மகன்
வெட்டாமலே முடியும். கல் இல்லாத வளையம்தானே, கட்டையில் ஏற்றித் தட்டினால் கொஞ்சம் விரியும். அது போதாது என்றால் எழுத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் வெட்டித் துண்டு வைக்கலாம். அந்தத் துண்டும் 18 காரட்டாக இருக்க வேண்டும். 22 வைத்தால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று மஞ்சளடிக்கும். பக்கத்திலேயே உட்கார்ந்து செய்து வாங்கு. அக்கா சொன்ன கதை கேட்டாயல்லவா?

தேவனாம்பட்டினத்தான்
எத்தனை சாவு பார்த்த மோதிரமோ, ராசி பார்க்க வேண்டாமா?

சம்பா கோயில் பக்கம்
நீங்கள் உருக்கச் சொல்லும் தங்கமும் அதே சாவுகளைப் பார்த்ததுதானே? உருக்கினால் ராசி ஆவியாகிவிடுமா?

கெடிலக்கரை
கழுகு இருக்கிறது! அப்பாவின் நண்பர் கடிகாரம் பழுது பார்ப்பவர், அவருடைய கண்ணாடியில் பார்த்தோம். அம்மாவும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, “கிளி மாதிரி இருக்கிறதே” என்றார். பெரியம்மா பார்க்க மறுத்துவிட்டார்.

மூத்த மருமகள் அக்கா, நீங்கள் கேட்டதைப் பாட்டியிடமே கேட்டேன். அவருக்கு இரண்டு பேரன்கள், என்னவர் பெரியவர். பாட்டி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று கை நடுங்கியது. அப்புறம் எல்லாரையும் கூடத்துக்குக் கூப்பிட்டு, பெரியவன் பெண்டாட்டிக்கு மோதிரம், சின்னவன் பெண்டாட்டிக்கு என் இரட்டைவடம், பிறகு யாரும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார். சின்னவருக்கு இன்னும் பெண்ணே பார்க்கவில்லை. ஆனாலும் சங்கிலி எத்தனை பவுன் என்று கேட்டாராம்.

உருக்கவில்லை. தட்டி விரித்தாகிவிட்டது, சரியாக இருக்கிறது.

மூத்த மருமகள்
இதை நான் 20 வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

தேவனாம்பட்டினத்தான்
சரி சரி, நான் தோற்றேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளைக்கு நீங்கள் என்ன மோதிரம் போடுகிறீர்கள்? அதை யாருமே கேட்கவில்லையே!

கெடிலக்கரை
அம்மா ஒரு பவுன் என்கிறார். அப்பா கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனவர் இன்னும் இறங்கவில்லை.