இரண்டு மென்பொருள்களைப் பிணைத்து ஓட்டியவர்களே, உங்கள் அனுபவம் என்ன?

கல்லடியிலிருந்து:
எங்களுடையது மட்டக்களப்பு வாவியின் வெள்ளத்தைக் கணிக்கும் கணினி மாதிரி. ஆறுகள் ஒரு மென்பொருளில், வாவி இன்னொன்றில். ஆறு நீர்வரத்தைக் கொடுக்கும், வாவி நீர்மட்டத்தைத் திருப்பிக் கொடுக்கும். குறித்த இடைவெளிக்கு ஒருமுறைதான் இரண்டும் பேசிக்கொள்ளும்; இடையில் ஒவ்வொன்றும் கடைசியாகக் கேட்ட எண்ணைப் பிடித்துக்கொண்டு தன்பாட்டில் ஓடும். இடைவெளி நீண்டபோது முந்தானை ஆறு ஒரு சுற்றில் முன்னோக்கியும் மறுசுற்றில் பின்னோக்கியும் பாய்ந்தது! கணக்குக்காக வாவியைச் சிறு கட்டங்களாகப் பிரித்திருக்கிறோம்; ஆறு வந்து விழும் கட்டம் சிறியது. ஒரே இடைவெளிக்குள் அது அளவுக்கு மீறி நிரம்பி, அடுத்த சுற்றில் ஆற்றைவிட உயர்ந்து நிற்கிறது. இடைவெளியைக் குறைத்ததும் அடங்கிவிட்டது.

அதைவிடத் தொல்லை தந்தது நீர்க்கணக்கு. அந்தந்தக் கணத்தின் வரத்தை மட்டும் அனுப்பினால், வெள்ளம் ஏறும்போது ஆறு விட்டதும் வாவி வாங்கியதும் ஒத்துப்போவதில்லை. பாலமீன்மடு முகத்துவாரம் திறந்திருந்தால் கடல் அந்தப் பிழையை மறைத்துவிடும். மண் மூடிய நாட்களுக்கு ஓட்டிப் பாருங்கள், முழுவதும் வாவிக்குள்ளேயே தேங்கும். ஆகவே இடைவெளியில் கடந்த மொத்தக் கன அளவையே அனுப்புகிறேன்.

ஒலுவிலிலிருந்து:
அண்ணா, இடைவெளியைக் குறைக்கும் மருந்து எனக்குப் பலிக்கவில்லை. குறைக்கக் குறைக்க எண்கள் இன்னும் விரைவாகக் கட்டுமீறி வெடித்தன. என்னுடையது அகலமான, பாரமில்லாத ஃபைபர் படகு. நீருக்கு ஒரு மென்பொருள், படகின் அசைவுக்கு ஒன்று. உங்கள் வாவி நீரைச் சேமிக்கிறது, அதனால் மட்டம் உடனே துள்ளாது. இங்கே படகின் முடுக்கம் மாறினால் அதே கணத்தில் நீரின் விசை மாறுகிறது. அது மீண்டும் முடுக்கத்தை மாற்றுகிறது. படகு தன்னோடு சேர்த்து அசைக்க வேண்டிய நீரின் நிறை படகின் நிறையைப்போல் 1.5 மடங்கு என்றால், ஒவ்வொரு சுற்றிலும் பிழை 1.5 மடங்காகிக் குறி மாறும். இந்த விகிதத்தில் கால இடைவெளிக்கு இடமே இல்லை. இரண்டும் பழைய எண்களோடு ஒரே நேரத்தில் ஓடும் ஜாக்கோபி முறையை விட்டு, ஒன்று முதலில் ஓடி அதன் புதிய எண்ணை மற்றது வாங்கும் காஸ்-சைடலுக்குப் போயும் பயனில்லை.

ஒரே இடைவெளியைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு, புதிய விடையில் 0.4 பங்கை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒடுங்கும். ஆனால் அதற்கு மென்பொருள் இடைவெளியின் தொடக்க நிலைக்குப் பின்னுக்குப் போக வேண்டும். மாதிரிகளைப் பிணைப்பதற்கான பொதுத் தரமான எஃப்எம்ஐயின், 2014இல் வந்த 2.0 பதிப்பு நிலையைச் சேமித்து மீட்க வழி தருகிறது, கட்டாயமாக அல்ல. எங்களுக்கு விற்றவர்கள் அந்த வசதியை வைக்கவில்லை. விலை மட்டும் குறையவில்லை.

வாழைச்சேனையிலிருந்து:
தம்பி, பின்னுக்குப் போகாமலே ஒரு வழி இருக்கிறது. படகின் சமன்பாட்டில் இரண்டு பக்கமும் ஓர் உத்தேச நீர் நிறையைச் சேருங்கள்: இடப்பக்கம் புதிய முடுக்கத்தோடு, வலப்பக்கம் பழைய முடுக்கத்தோடு. உண்மை 1.5ஆக இருக்க நீங்கள் 1 என்று வைத்தாலும், பிழைப் பெருக்கம் 0.25க்கு இறங்கிவிடும். உத்தேசம் கூடினாலும் நிலைகுலையாது, விடை சற்றுப் பின்தங்கும்.

ஒலுவிலிலிருந்து:
ஏறி இறங்கும் அசைவுக்கு அப்படியே பலித்தது, நன்றி அண்ணா. பக்கவாட்டில் சரியும்போது நிறைக்குப் பதில் சடத்துவத் திருப்பத்தை (சுழற்சி மாற்றத்துக்கு எதிரான தடையை) சேர்க்க வேண்டுமே, அதை யாராவது செய்திருக்கிறீர்களா?