மணி விளக்கு: சான்று இல்லாமல் லைனில் மாட்டலாமா?

ரிலேக்காரன்:
தொலைபேசி மணி அடித்தால் மேசை விளக்கு எரிகிற மாதிரி ஒரு சர்க்யூட் செய்திருக்கிறேன். காது மந்தமானவர்களுக்கு உதவும். ஆனால் லைனில் மாட்டுவது எதுவானாலும் சான்று பெற்றிருக்க வேண்டுமாம். சுவருக்கு இந்தப் பக்கம் ஓடுகிற கம்பி என்னுடையது. இதற்கு எதற்கு இன்னொருவர் முத்திரை?

செம்புக்கம்பி:
கம்பி உங்களுடையதுதான், ஆனால் உங்கள் வீட்டோடு முடிவதில்லையே. விளக்கு வீட்டு மின்சாரத்தில் எரிகிறது. அதே பெட்டிக்குள் தொலைபேசி லைனும் வருகிறது. உள்ளே இன்சுலேஷன் விட்டுப்போனால் மின்சாரம் லைனில் ஏறிவிடும். லைனில் இருப்பது 48 வோல்ட்தானே என்று வெறுங்கையால் ஜாயின்ட் போடுகிற லைன்மேன்தான் முதலில் அடி வாங்குவார்.

ரிலேக்காரன்:
பழைய பூச்சாண்டி. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம், ஹஷ்-ஏ-ஃபோனைக்கூடத் தடுத்தது. பேச்சு பக்கத்தில் கேட்காமலிருக்க ரிசீவரின் வாய்ப்பக்கம் மாட்டுகிற வெறும் மூடி அது. மின் இணைப்பே கிடையாது! 1956-ல் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. 1968-ல் கார்ட்டர்ஃபோன் (ரேடியோவைத் தொலைபேசியோடு இணைக்கிற கருவி) விவகாரத்தில் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமும் வெளியார் கருவிக்கு வழிவிட்டது. அப்புறமும் விட்டார்களா? நடுவில் எங்கள் பாதுகாப்புப் பெட்டி வேண்டும், அதற்கு மாத வாடகை என்றார்கள். காப்பாற்றியது நெட்வொர்க்கையா, வாடகையையா?

செம்புக்கம்பி:
பாதிக் கதையில் நிறுத்திவிட்டீர்கள். அந்த வாடகைப் பெட்டிக்கு முடிவு கட்டியது 1975-ல் அதே ஆணையம் கொண்டுவந்த பாகம் 68 விதிகள். கருவியைச் சோதித்துப் பதிவு செய்துவிட்டால் யார் செய்ததையும் நேராக மாட்டலாம் என்பதுதான் அதன் சாரம். நீங்கள் திட்டுகிற முத்திரையால்தான் அந்தச் சுதந்திரமே வந்தது.

டயல்டோன்:
சண்டைக்கு நடுவே ஒன்று. ஏற்கெனவே எத்தனை போன் இருக்கிறது? மணி அடிக்க ஒவ்வொரு கருவியும் லைனில் ஏற்றும் சுமையை ஆர்இஎன் என்ற எண்ணால் குறிப்பார்கள். அமெரிக்கக் கணக்கில் ஒரு லைனுக்கு அதன் கூட்டுத்தொகை 5 வரை போகலாம். தாண்டினால் தீப்பிடிக்காது, மணிதான் ஒழுங்காக அடிக்காது.

ரிலேக்காரன்:
ஒரே போன்தான். என் சர்க்யூட் எடுப்பது மிகச் சொற்பம். வரிசையில் கன்டென்சர் இருப்பதால் டிசி (நேர் மின்சாரம்) ஓடாது. ரிசீவரை வைத்திருக்கும்போது டிசி மின்தடை 5 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது என்று அதே பாகம் 68 சொன்னதே, அதுவும் தேறும். விளக்குப் பக்கத்துக்கு ஆப்டோகப்ளர் வழியாக வெளிச்சம் மட்டும்தான் தாண்டுகிறது. ஒரே ஒரு பெட்டிக்காக யார் சோதனைக்கூடத்துக்குப் பணம் கட்டுவது? ஆயிரக்கணக்கில் விற்பவனுக்கும் எனக்கும் ஒரே விதியா?

செம்புக்கம்பி:
பணத்தைப் பற்றிச் சொன்னது நியாயம், அதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் ஆப்டோகப்ளர் 5000 வோல்ட் தாங்கினால் போதுமா? அதைச் சாலிடர் செய்திருக்கும் போர்டு தாங்க வேண்டாமா? புள்ளி போர்டில் பக்கத்துப் பக்கத்துச் செம்புத் தடங்களுக்கு நடுவே மிகக் குறுகிய இடைவெளிதான். கொஞ்சம் ஈயம் வழிந்தால் போயிற்று. சோதனைக்கூடம் பார்ப்பது ஒரு பாகத்தை அல்ல, முழுப் பெட்டியை. போனுக்குப் பக்கத்தில் ஒரு மைக் வைத்து மணிச் சத்தத்தைப் பிடியுங்களேன். லைனையே தொட வேண்டாம், சான்றும் வேண்டாம்.

ரிலேக்காரன்:
மைக் வைத்தால் டிவியில் மணி அடித்தாலும் விளக்கு எரியும். போர்டில் நடுத் தடங்களைச் சுரண்டி 6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருக்கிறேன், சாமி.

செம்புக்கம்பி:
அப்படியானால் அடிப்பக்கம் தெரிகிற மாதிரி படம் போடுங்கள். இல்லாவிட்டால் விளக்கை 12 வோல்ட் எல்இடியாக மாற்றிக் கடையில் விற்கும் அடாப்டரில் ஓட்டுங்கள், பெட்டிக்குள் வீட்டு மின்சாரமே வராது.

ரிலேக்காரன்:
அடாப்டரையும் அதே மின்சாரத்தில்தானே சொருகுகிறோம்?

செம்புக்கம்பி:
ஆமாம். ஆனால் அதையாவது ஒரு சோதனைக்கூடம் பார்த்திருக்கும்.