குடும்பக் குழு: பெரியம்மாவின் மூட்டுவலிப் பொடி

*செல்வி, 7:12*
பெரியம்மா முடக்குவாதத்துக்கு ஒரு மூலிகைப் பொடி சாப்பிடறாங்க. மூணே நாள்ல வலியும் வீக்கமும் போயிடுச்சாம். இனிமே டாக்டர் கொடுத்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எதுக்குன்னு கேக்கறாங்க. நிறுத்திடலாமா?

*பாலு மாமா, 7:15*
கேக்குதுன்னா விட்டுடுங்கம்மா. இயற்கை மருந்துக்குப் பக்கவிளைவு கிடையாது.

*கதிர், 7:21*
மூணு நாள்ங்கறதுதான் மாமா எனக்கு உதைக்குது. மெத்தோட்ரெக்சேட்டே வேலை காட்ட 6-லிருந்து 12 வாரம் எடுக்கும். மூணு நாள்ல வீக்கம் வத்துதுன்னா பொடியில ஸ்டீராய்டு, அதாவது வீக்கத்தைச் சட்டுன்னு அமுக்கற இங்கிலீஷ் மருந்து, கலந்திருக்கலாம். டெக்சாமெத்தசோன்னு ஒரு ஸ்டீராய்டு, துளி போதும், நிறமோ ருசியோ காட்டிக் கொடுக்காது.
செல்வி, எத்தனை நாளா சாப்பிடறாங்க? முகம் உப்பின மாதிரி இருக்கா? பசி கூடியிருக்கா? ராத்திரி தூக்கம் வருதா? ஸ்டீராய்டு உள்ள போனா இதெல்லாம் மாறும், சர்க்கரையும் ஏறும்.

*செல்வி, 7:24*
அஞ்சு வாரம் ஆச்சு அண்ணா. கன்னம் ரெண்டும் உருண்டையாத்தான் இருக்கு, சதை போட்டிருக்காங்கன்னு சந்தோஷப்பட்டோம். சர்க்கரையும் இந்த மாசம் ஏறியிருக்கு.

*மங்கை அக்கா (சித்தா), 7:30*
லேபிள் இருக்கா பாரு: தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தேதி, என்னென்ன சரக்குன்னு. சூரணம்னா மூலிகையை இடிச்சு வஸ்திரகாயம் பண்ணின (துணியில சலிச்ச) தூள், அவ்வளவுதான். பற்பம், செந்தூரம்னா புடம் போட்டு எடுத்த வெள்ளை, சிவப்புப் பொடி, உலோகமோ பாஷாணமோ (விஷத் தாதுவோ) உள்ள இருக்கலாம். அதைச் சுத்தி செஞ்ச (விஷத்தன்மை நீக்கின) விதம் தெரியாம நானே யாருக்கும் தரமாட்டேன்.

*செல்வி, 7:32*
வெள்ளைப் பொட்டலம் அக்கா. ஒரு எழுத்து கூட இல்லை.

*மங்கை அக்கா (சித்தா), 7:34*
அப்போ அதை மருந்துன்னே சொல்லாதே.
பாலு சித்தப்பா, மூலிகையெல்லாம் சாதுன்னு இல்லை. ஆடுதீண்டாப்பாளை மூலிகையில சிறுநீரகத்தைக் கெடுக்கற அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கு. அதே அமிலம் உள்ள ஒரு மூலிகை எடை குறைக்கிற மருந்துல கலந்துபோய், 1990-கள்ல பெல்ஜியத்துல பல பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்துடுச்சு.

*பாலு மாமா, 7:38*
அப்போ உன் வைத்தியமே வேண்டாம்ங்கறியா?

*மங்கை அக்கா (சித்தா), 7:43*
அப்படிச் சொல்லலையே. மலேரியாவுக்குக் கொடுக்கற ஆர்ட்டிமிசினின் மூலிகையிலிருந்து வந்ததுதான். கொதிக்க வச்சு எடுத்தப்ப சரியா வேலை செய்யல, குறைஞ்ச சூட்டுல ஈதர் ஊத்திப் பிரிச்சதும் செஞ்சுது. அதைக் கண்டுபிடிச்ச து யூயூவுக்கு 2015-ல நோபல். உள்ள என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு தெரியணும், அவ்வளவுதான்.

*கதிர், 7:51*
இன்னொண்ணு. ஸ்டீராய்டு எடுத்தா, உடம்புல அழற்சி எவ்வளவுன்னு காட்டற ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனை ரெண்டும் இறங்கும். ரிப்போர்ட் அழகா இருக்கும், வலியும் இருக்காது, ஆனா மூட்டு எலும்பு உள்ளுக்குள்ள அரிச்சுட்டே போகலாம். அந்த அரிப்பை மட்டுப்படுத்தத்தான் மெத்தோட்ரெக்சேட். ஒருதடவை அரிச்ச எலும்பு பழையபடி வராது.
மெத்தோட்ரெக்சேட்டும் லேசான மருந்து இல்லை, ஒத்துக்கறேன். ரத்த அணு, ஈரல், சிறுநீரகம் மூணையும் ஆரம்பத்துல 2-4 வாரத்துக்கு ஒருதடவை பாக்கணும், அப்புறம் 8-12 வாரத்துக்கு ஒருதடவை. இப்ப ஈரல் என்சைம் ஏறுனா டாக்டர் மாத்திரை மேலதான் சந்தேகப்படுவார், பொடியைப் பத்தி யாரும் அவர்கிட்ட சொல்லலையே.

*செல்வி, 7:54*
சரி, பொடியை இன்னைக்கே குப்பையில போட்டுடறேன்.

*கதிர், 7:55*
போடாதே!! அவங்களையும் திடீர்னு நிறுத்த விடாதே. அஞ்சு வாரம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு போனா, உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கற அட்ரினல் சுரப்பி வேலையைக் குறைச்சிருக்கும். சட்டுன்னு நிறுத்துனா வாந்தி, தலைசுத்தல், பிரஷர் இறங்கி மயக்கம்னு போய் உயிருக்கே ஆபத்தாகும். டாக்டர் அளவு தெரிஞ்ச பிரெட்னிசோலோன்ங்கற ஸ்டீராய்டு மாத்திரைக்கு மாத்தி, கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பார். நாளைக்கே பாத்துடுங்க. இன்னைக்கு ராத்திரி அப்படி ஏதாவது தெரிஞ்சா காலை வரைக்கும் காத்திருக்காதீங்க, நேரா எமர்ஜென்சி.

*செல்வி, 7:58*
மெத்தோட்ரெக்சேட்?

*கதிர், 8:01*
அவரைப் பாக்கற வரைக்கும் நீயா நிறுத்தாதே. வாரத்துக்கு ஒரே நாள்தான், எந்தக் கிழமைன்னு அட்டையிலேயே எழுதி ஒட்டு. தெரியாம தினமும் போட்டுட்டா வாய்ப்புண்ல ஆரம்பிச்சு ரத்த அணு சரிஞ்சிடும், அதுல இறந்தவங்க இருக்காங்க. ஃபோலிக் ஆசிட் (அதோட பக்கவிளைவைக் குறைக்கற வைட்டமின் மாத்திரை) வேற நாள்ல.

*செல்வி, 8:04*
எண்ணெய் தேய்க்கறதாவது தொடரலாமா மங்கை அக்கா?

*மங்கை அக்கா (சித்தா), 8:09*
காலை விறைப்புக்கு இளஞ்சூட்டு ஒத்தடமும் லேசாத் தடவுறதும் தப்பில்லை. மூட்டு சிவந்து, தொட்டாச் சுட்டா அந்த இடத்தைப் பிசையவே கூடாது, சூடும் வைக்காதே.

*பாலு மாமா, 8:12*
பொடி கொடுத்தவர் நம்பர் என்கிட்ட இருக்கு. என்ன சேத்திருக்கார்னு கேட்டுடறேன்.

*கதிர், 8:14*
கேளுங்க மாமா. ஆனா அவர் இல்லைன்னு சொன்னாலும் நம்ப வேண்டாம். செல்வி, மிச்சப் பொடியை அப்படியே கவர்ல போட்டு, டாக்டர் எழுதின மருந்துச் சீட்டோட எடுத்துட்டுப் போ.

*செல்வி, 8:15*
நாளைக்குக் காலை 10 மணிக்கு டோக்கன் போட்டாச்சு அண்ணா.