ஸ்ப்ரூஸ் கோன் பொறுக்கியாச்சு, விதைய எப்படி முளைக்க வைக்கிறது?

பனிக்காட்டான் (ஒட்டாவா):
வணக்கம் மக்களே. எங்க தெருமுனைல பெரிய நார்வே ஸ்ப்ரூஸ் (கிறிஸ்துமஸ் மரமா வைப்பாங்களே, அந்த ஊசியிலை மரம்) ஒண்ணு நிக்குது, கீழ கோனா (விதை இருக்கற செதில் செதிலான காய்) கொட்டிக் கெடக்கு, பசங்க ஒரு பை நிறைய பொறுக்கிட்டு வந்துட்டாங்க. பின்னாடி தோட்டத்துல வளர்க்கணும்னு ஒரே அடம். பாதி கோன் விரிஞ்சிருக்கு, மீதி இறுக்கமா மூடியிருக்கு. விதைய ஃப்ரீசர்ல வைன்னு ஒருத்தர் சொல்றாரு, ஃப்ரிட்ஜ் போதும்ங்கறாரு இன்னொருத்தர், ரெண்டும் வேணாம்ங்கறாரு மூணாவது ஆள். இந்த விண்டர்லயே ஜன்னலோரம் முளைக்க வைக்கலாமா? கிறிஸ்துமஸ் மரம் சைஸுக்கு வர எத்தனை வருஷம் ஆகும்?

வன்னியன் (ஸ்காபரோ):
தம்பி, விரிஞ்ச கோனில விதை அநேகமா பறந்திருக்கும், மூடினதுகளை எடுங்கோ. பேப்பர் பையில போட்டு ஹீட்டருக்குக் கொஞ்சம் தள்ளி வைச்சா காய்ஞ்சு தானா விரியும், பிறகு தட்டினா விதை கொட்டும். ஒவ்வொரு செதிலுக்குக் கீழயும் ரெண்டு விதை, செட்டையோட இருக்கும். ரெண்டு மூண்டை வெட்டிப் பாருங்கோ, உள்ளுக்கு வெள்ளையா நிறைஞ்சிருந்தா நல்லது, வெறும் கோதெண்டா முளைக்காது. ஒரு நாள் தண்ணியில ஊறவிட்டு, ஈர மணலோட ஜிப் பையில போட்டு ஃப்ரிட்ஜில மூண்டு நாலு கிழமை வையுங்கோ. ஊறின விதையை ஃப்ரீசரில மட்டும் வைச்சிடாதேங்கோ, உள்ளுக்குத் தண்ணி உறைஞ்சு செத்துப் போகும்.

தொட்டிச்செடி:
ஃப்ரிட்ஜ் கட்டாயம் இல்லைங்க. நார்வே ஸ்ப்ரூஸ் குளிர் காட்டாமலே ஓரளவு முளைக்கும், குளிர் காட்டினா எல்லாம் ஒண்ணா சீக்கிரம் வரும், அவ்வளவுதான். வெள்ளை ஸ்ப்ரூஸ்னா கண்டிப்பா காட்டலாம்.

ஆனா ஜன்னலோரம் வேணவே வேணாம். இந்தச் செடி பகல் நீளத்தப் பாத்துதான் வளரும், டிசம்பர் வெளிச்சத்துல முளைச்சா உடனே மொட்டு கட்டி வளர்ச்சிய நிறுத்திடும், தனியா லைட் போட்டு பகல நீட்டினாதான் ஓடும். அதனால விதைய காயவச்சு டப்பால மூடி ஃப்ரிட்ஜ்ல போட்டுட்டு, மார்ச் கடைசில ஒரு நாள் ஊற வச்சு, அவர் சொன்ன மாதிரி ஈர மணலோட ஃப்ரிட்ஜ்ல வச்சு, ஏப்ரல் கடைசி மே மாசம் விதைங்க. மேல அரை சென்டிமீட்டருக்கும் கம்மியா மணல் தூவினா போதும், ஆழமா புதைக்காதீங்க. ரெண்டு மூணு வாரத்துல முளைக்கும். முளைச்ச புதுசுல தண்ணி ஜாஸ்தியானா பூஞ்சை பிடிச்சு தண்டு அடியில அழுகி சாஞ்சிடும், பாதிக்கு மேல போறது அப்படித்தான், தோட்டத்து மண்ணு வேணாம், புது பாட்டிங் மிக்ஸோட (தொட்டிக்குன்னு கடைல விக்கற மண் கலவை) பெர்லைட் (தண்ணி தேங்காம இருக்க போடற லேசான வெள்ளைத் துகள்) கலந்து மேல்மண்ணு லேசா காஞ்சதும் தண்ணி விடுங்க.

பனிக்காட்டான்:
சூப்பர், நன்றி ரெண்டு பேருக்கும். அடுத்த விண்டருக்கு குட்டிச் செடிய வீட்டுக்குள்ள எடுத்துடலாமா? மைனஸ் 25 எல்லாம் போகுதே, பாவமா இருக்கு.

வன்னியன்:
பாவம் பாக்காதேங்கோ 😄 அதுக்குக் குளிர்காலத் தூக்கம் வேணும், வீட்டுச் சூட்டுக்குள்ள வைச்சாத்தான் பழுதாப் போகும். தொட்டியை விளிம்பு வரைக்கும் மண்ணுக்குள்ள தாட்டு, சுத்திவர இலைச் சருகு போட்டு விடுங்கோ, மேல ஸ்னோ மூடினா அது இன்னும் நல்லது. எலி கடிக்காமல் ஒரு கம்பி வலை.

முதல் வருஷம் விரல் உயரம்கூட வராது, அலுத்துப் போய் எறிஞ்சிடாதேங்கோ. மூண்டு நாலு வருஷத்துக்குப் பிறகுதான் வேகம் எடுக்கும், ஆள் உயரத்துக்கு எட்டுப் பத்து வருஷம் போகும்.

தொட்டிச்செடி:
நடுற இடத்த இப்பவே யோசிச்சு வைங்க. இது 30 மீட்டருக்கு மேலயும் போற மரம், வேர் மேலாப்புலயே பரவும், பெருங்காத்துல சாயறதும் உண்டு. வீட்டுலேர்ந்தும் பக்கத்து வீட்டு வேலிலேர்ந்தும் ஏழெட்டு மீட்டராவது தள்ளி வைங்க, கரண்ட் கம்பிக்கு அடியில வேணாம். சின்ன தோட்டம்னா பசங்க ஆசைக்கு சில வருஷம் தொட்டியிலயே வச்சுட்டு அப்புறம் நிலம் இருக்கற யாருக்காவது குடுத்துடுங்க.